காமில் பெயரில் என் வெங்காயம்

திருச்சி விளம்பர ஆபீசில் இன்டர்வியூ எடுத்தவர் என் வேலைகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து என் முன்னால் போட்டார். நான் கம்ப்யூட்டர் டிசைன் படித்த பெரம்பலூர் இன்ஸ்டிடியூட், 2006 அட்மிஷனுக்கு அடித்த நோட்டீஸ்.

"உங்க ராஜதுரை சார் போன வாரம் குடுத்துட்டுப் போனாரு. இதெல்லாம் காமில்ங்கிற பையன் பண்ணதுல்ல? நீ எப்படிம்மா கொண்டு வந்திருக்கே?"

பளபளவென்ற தாளில் என் சின்ன வெங்காயம். பக்கத்தில் என் கடல் சிப்பி. இரண்டுக்கும் கீழே அத்தாவின் தம்பியான என் சின்னத்தாவின் மகன் காமில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். 'எங்கள் மாணவர் காமிலின் படைப்புகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அந்த வெங்காயத்துக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெங்காய மூட்டைக்கு ஒரு லேபிள், அதுதான் என் பிரின்ட் புராஜெக்ட். கம்ப்யூட்டரில் ஜொலித்த ஊதா, அச்சில் செத்துப்போய்ப் பழுப்பாக வந்தது. பிரஸ்காரர் வைத்திலிங்கம் என்னைக் கண்டாலே ஒளிந்துகொள்கிற அளவுக்கு நச்சரித்து, வெங்காயத் தோலைக் கையில் பிடித்து ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கொண்டுவந்த நிறம் அது. ஸ்கிரீன் புராஜெக்ட் ஒரு சி.டி. அரியலூர் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் கிடைக்கிற, கல்லாகிப்போன சிப்பிகளைப் பற்றியது. சிப்பியைக் கிளிக் செய்தால் அது வாய் திறக்கும், சுற்றிலும் அந்தக் காலத்துக் கடல் பொங்கி வரும். காமில் வருஷம் முழுக்கக் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடினான். வேறு எதையும் அவன் செய்து நான் பார்த்ததில்லை.

"நான் பண்ணது சார். அந்த ஊதாவை எப்படிக் கொண்டுவந்தேன்னு கேளுங்க, சொல்றேன்."

அவர் கேட்கவில்லை. "தகவல் சொல்லி அனுப்புறோம்" என்றார். திருடியைப் பார்க்கிற பார்வை அது. சாகிறவரை மறக்க மாட்டேன்.

பெரம்பலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்த ராஜதுரை சாரின் மேஜையில் நோட்டீஸை அடித்து வைத்தேன்.

"கோவப்படாதம்மா அஃப்ரின். உங்க அத்தாவுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் போட்டேன். பொம்பளப் புள்ள பேரு வேணாம், நம்ம காமில் பேரைப் போட்டுக்கங்கன்னு அவருதான் சொன்னாரு."

"செஞ்சவ நான். என்னைக் கேட்டீங்களா சார்?"

"உங்க வூட்டு வழக்கம் நமக்கு எப்படித் தெரியும்? ஒரு மரியாதைக்குத்தான்..."

மரியாதையாம்! என் மரியாதையைக் காப்பாற்ற இந்த ஊரில் எத்தனை ஆம்பிளைகள்! எங்கள் ஊர் லப்பைக்குடிக்காடு வரும்வரை பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அத்தா சவுதி வேலையை முடித்துக்கொண்டு வந்து, கடைத்தெருவில் ஜவுளிக்கடை திறக்கும் மும்முரத்தில் இருந்தார். நான் கேட்டதும் கொஞ்சமும் தயங்கவில்லை.

"ஆமா, நாந்தான் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுல கண்டவன் கையிலயும் போற நோட்டீஸ்ல ஒம் பேரு எதுக்கு? காமில் யாரு, நம்ம புள்ளதானே? குடும்பத்துல யார் பேரு இருந்தா என்ன?"

"எனக்கு வேலை போச்சு அத்தா."

"வேற கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். நீ கடை திறப்பு விழா பத்திரிகையைப் போட்டுக் குடு. நாளைக்குச் சிவகாசிக்கு அனுப்பணும்."

சரி என்றேன். நான் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில் அம்மாவுக்குத்தான் சந்தேகம். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்திரிகையை இழைத்து இழைத்துச் செய்தேன். மேலே பிஸ்மில்லாஹ், சுற்றிலும் பச்சை பார்டர், தங்க நிறத்தில் கடையின் பெயர். அத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். படித்துக்கொண்டே கீழே வந்தவரின் முகம் சட்டென்று மாறியது.

"உரிமையாளர் ஹபீபுல்லாவா? தம்பி பேரை எதுக்குடி போட்டே? சவுதி வெயில்ல வெந்து நான் உண்டாக்குன கடை! அவன் ஒரு செங்கல் எடுத்து வெச்சானா?"

"பஸ் ஸ்டாண்டுல கண்டவன் கையிலயும் போற பத்திரிகை அத்தா. அதுல உங்க பேரு எதுக்கு? சின்னத்தா யாரு, நம்ம ஆளுதானே? குடும்பத்துல யார் பேரு இருந்தா என்ன?"

கையை ஓங்கினார். நான் நகரவில்லை. ஓங்கிய கை மெதுவாக இறங்கி, தம்பியின் பெயரைத் துடைத்துவிடப் பார்ப்பதுபோல் திரையைத் தேய்த்தது.

"மாத்து" என்றார்.

"மாத்துறேன். நீங்க மொதல்ல இன்ஸ்டிடியூட்டுக்குப் போயி நோட்டீஸ்ல என் பேரைப் போடச் சொல்லிட்டு வாங்க."

அம்மா வண்டிச் சாவியைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"போயிட்டு வாங்க. சிவகாசிக்கு அனுப்ப நேரமாகுதுல்ல?"

வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. சின்னத்தாவின் பெயரை நான் அழிக்கவில்லை. அத்தா திரும்பி வரட்டும்.