திறந்து கிடந்த பிளேட்

ஆலைத் தொழிலாளர் பேஸ்பால் லீக்கில் கடைசி இன்னிங்ஸ். பாவ்லிக்கின் அணி ஒரு ஓட்டம் முன்னால் இருந்தது. மூன்றாம் பேஸில் நின்ற எதிரணி ஹாஸ்கின்ஸ், ஓட்டம் எடுக்க மிதிக்க வேண்டிய ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் பந்து பிடிக்கக் குந்தியிருந்த கேட்சர் பாவ்லிக்கைப் பார்த்துக் கத்தினான்.

"டேய் பாவ்லிக்! முன்னெல்லாம் கேட்சர ஒடச்சிட்டுத்தான்டா ஓட்டம் எடுப்போம். இப்ப பால்குடிப் பசங்களுக்காக மோதக் கூடாதுன்னு ரூல் போட்டுட்டானுங்க."

பாவ்லிக் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டான். தன் தோள் போனால் திங்கட்கிழமை ஆலை உலை முன்னால் தனக்குப் பதிலாக இவனா வந்து நிற்பான்? இவன் வீரமெல்லாம் அடுத்தவன் எலும்பில்தான்.

அடித்த பந்து உயரப் போய் வெளிமைதானத்தில் பிடிபட்டது; அது இரண்டாவது அவுட், மூன்றாவதோடு ஆட்டம் முடியும். உடனே ஹாஸ்கின்ஸ் ஹோம் பிளேட்டை நோக்கி ஓடினான். பாவ்லிக் விதிப்படி அவனுக்கு வழிவிட்டு, பிளேட்டுக்கு முன்னால் ஒதுங்கி நின்று பந்தை வாங்கினான். பிளேட் திறந்து கிடந்தது. சறுக்கிக் காலை நீட்டியிருந்தால் ஓட்டம் கிடைத்திருக்கும். ஹாஸ்கின்ஸோ பாதையை விட்டு விலகி வந்து, தோளால் பாவ்லிக்கின் நெஞ்சில் மோதினான். இருவரும் மண்ணில் புரண்டார்கள். பந்து உருண்டோடியது.

கேட்சர் பந்தை விட்டால் ஓட்டம்தான் என்று ஹாஸ்கின்ஸ் கைகளைத் தூக்கிக் கூவினான். அம்பயர் முஷ்டியை உயர்த்தினார்.

"அவுட்! ஆட்டம் முடிஞ்சுது."

"பந்த விட்டுட்டானே சார்!"

"நீ பிளேட்டுக்கா ஓடுன? ஆள் மேலதானே ஓடுன."

பாவ்லிக் எழுந்து தோளைச் சுழற்றினான். வலித்தது, ஆனாலும் சுழன்றது. மண்ணில் உட்கார்ந்திருந்தவனைக் குனிந்து பார்த்தான்.

"அம்மாம் பெரிய பிளேட்டு உன் கண்ணுக்குத் தெரியலயாடா? போ, இப்ப மிதிச்சுட்டு வீட்டுக்குப் போ."