பன்னிரண்டு எழுத்துக்கு மேல்

குழலிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கம்ப்யூட்டருக்குமாக நடையாய் நடந்தாள். எண்பத்தெட்டாம் வருஷம், தென்காசிக்குக் கம்ப்யூட்டர் என்கிற சாமான் வந்து இறங்கினதே அப்போதுதான். குத்தாலிங்கம் அண்ணாச்சி மாடியில் சென்டர் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று கோயில் மாதிரி பலகை வேறு மாட்டியிருந்தார். சாரல் காலையிலிருந்து விட்டபாடில்லை.

ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கும் சிவனணைந்தபெருமாள் இப்போது வருவார். குழலி சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதின லாட்ஜ் கணக்குப் புரோகிராமை அவர் வாங்கினால் அவளுக்குச் சென்டரின் மெட்ராஸ் கிளையில் வேலை. வாங்காவிட்டால் வெள்ளிக்கிழமை செங்கோட்டைக்காரர்கள் பெண் பார்க்க வருகிறார்கள். "வேலை கெடச்சா போ, இல்லைன்னா பேசாம வந்து உக்காரு" என்று அம்மா முத்துவடிவு கறாராகச் சொல்லிவிட்டாள்.

பொழுது போகாமல் குத்தாலிங்கம் கீபோர்டில் உட்கார்ந்தார். "ஒன் முழுப் பேரையும் அடிக்கேன் பாரு" என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். பேரை வாங்கினதும் பாஸ்வேர்டு கேட்க வேண்டும். கேட்கவில்லை. மாதிரிக்குப் போட்டு வைத்திருந்த லாட்ஜ் வரவுசெலவு முழுக்கத் திரையில் வந்து நின்றது.

"அடேயப்பா! ஒனக்கு மட்டும் கொல்லைவாசல் வச்சிருக்கியா?" என்று சிரித்தார் அவர்.

அவள் வைக்கவே இல்லை. தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் எழுதி வைத்த வரிகளைத் திறந்து பார்த்தாள். பேருக்குப் பன்னிரண்டு எழுத்து இடம் விட்டிருந்தாள். அவள் முழுப் பேரான குழல்வாய்மொழிக்கு இங்கிலீஷில் பதினாலு எழுத்து. இடம் தீர்ந்ததா என்று சி மொழி தானாகப் பார்க்காது, கொடுக்கக் கொடுக்க அடுக்கிக்கொண்டே போகும். பக்கத்து இடத்தில்தான் 'இவரை உள்ளே விடலாம்' என்கிற குறி இருந்தது. அதில் சைபர் இருக்கிறவரைக்கும் பாஸ்வேர்டு கேட்கும். மிஞ்சின இரண்டு எழுத்தும் அந்தச் சைபர் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டன.

பாவி, எத்தனை தடவை சோதித்துப் பார்த்தாள்! அடித்ததெல்லாம் குழலி, நீலா என்று சின்னப் பேர்கள்தான். காலேஜில் எவளுக்கோ வாயில் நுழையவில்லை என்று முதல் நாளே தன் பேரை வெட்டிக்கொண்டவள் ஆயிற்றே, நீளமான பேர் அவள் விரலுக்கு எங்கேயிருந்து வரும்?

"அண்ணாச்சி, ஒரு மணி நேரம் குடுங்க, சரி பண்ணிருதேன்."

"வெளையாடுதியா? கீழ கார் வந்து நிக்கு. பெருமாள்னு மட்டும் அடி. வித்த பொறவு சரி பண்ணிக்கிடலாம்."

பெருமாள் ஏறி வந்து, நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தார். அதற்குள் குழலி அவர் பேரில் பாதியை அடித்திருந்தாள்.

"நிப்பாட்டும்மா. பட்டாளத்துல பெருமாள், பெருமாள்னே கூப்பிட்டு என் பாதிப் பேரைத் தின்னுட்டானுவ. இங்கனயுமா? தள்ளு, நானே அடிக்கேன்."

முழுசாக அடித்தார். கணக்கு திறந்துகொண்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீராவே குத்தாலிங்கம்! மொதலாளின்னு இதுக்குத் தெரிஞ்சுபோச்சு!"

"பின்னே? ஒங்களுக்குன்னே செஞ்சதுல்லா!" என்றார் குத்தாலிங்கம், குழலியை முறைத்துக்கொண்டே.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மெட்ராஸ். குழலியின் கால் தரையில் தாளம் போட்டது. நாளைக்கு எவனோ ஒருத்தன் இவர் கணக்கைத் திறந்து துழாவுவான். சீ, இது என்ன பிழைப்பு?

"அண்ணாச்சி, ஒங்க ரூம்பாய் பேரென்ன?" என்று பெருமாளிடம் கேட்டாள்.

"சொரிமுத்து. ஏன்?"

"அவர் ஊரையும் சேர்த்து அடிங்க."

கீழப்பாவூர் சொரிமுத்து என்று அடித்தார். திறந்தது. பெருமாளின் முகம் தொங்கிப்போனது. "அவனும் மொதலாளியா?"

"நீளமான பேரா இருந்தா யாருக்கும் தொறக்கும் அண்ணாச்சி. சீசன்ல நாலு பேர் ரூமுக்குப் பத்துப் பேர் வந்தா, மிச்சப் பேர் பக்கத்து ரூம்ல போய்ப் பாய் விரிக்காங்கல்லா? இங்கன பக்கத்து ரூம்ல இருந்தது காவக்காரன். அவன் மேலயே படுத்துட்டாங்க. நான் எண்ணிப் பாக்கச் சொல்லி எழுதியிருக்கணும், எழுதல."

குத்தாலிங்கம் தலையில் கையை வைத்துக்கொண்டார். பெருமாள் போய்ச் செருப்பை மாட்டினார். மாட்டிவிட்டுத் திரும்பினார்.

"ஒன் பேரென்னம்மா?"

"குழலி."

"முழுப் பேரு."

"குழல்வாய்மொழி."

"குத்தாலத்து அம்மன் பேருல்லா! வெட்டுறதுக்கு எப்படி மனசு வந்துச்சு?" படியில் ஒரு கால் வைத்தார். "சரி பண்ணி நீயே லாட்ஜுக்குக் கொண்டு வா, இவரை அனுப்பாண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருப்பேன். அதை விட்டா கொல்லம் போயிருவேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் செங்கோட்டைக்காரர்களும் வருகிறார்கள். அம்மா பலகாரத்துக்கு மாவுகூட இடித்து வைத்துவிட்டாள்.

"வாரேன் அண்ணாச்சி" என்றாள் குழல்வாய்மொழி.

வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. உட்கார்ந்து பேருக்கான இடத்தை நாற்பதாக்கினாள். அதற்கு மேல் ஒரு எழுத்துகூட வாங்காதே என்றும் எழுதினாள். பிறகு தன் பேரை அடித்தாள், கடைசி எழுத்து வரைக்கும். அது முழுசையும் வாங்கிக்கொண்டு, பாஸ்வேர்டு கேட்டது.