ஃப்ரீசரில் பெய்த பனி

"விழுந்துச்சா?"

"விழல."

"நேத்து?"

"நேத்தும் விழல. பனி என்ன எங்க வீட்டுக் கோழியா, கூப்பிட்டதும் வர?"

டிசம்பர் பிறந்ததிலிருந்து எனக்கும் பக்கத்து வீட்டு எர்சீலியாவுக்கும் வேலிக்கு மேலே நடந்த பேச்சு இவ்வளவுதான். அவள் தோட்டத்தில் கருங்கோஸ் இடுப்பு உயரத்துக்கு நின்றது. நீள நீளமான இலை, தேரைத் தோல் மாதிரி சொரசொரப்பு. பார்க்க அழகுதான். ஆனால் உறைபனி கடிக்காத கருங்கோஸை எங்கள் மலையில் முயலுக்குத்தான் போடுவார்கள். இரண்டு இரவாவது பனி இலையைக் கடிக்க வேண்டும்; அப்போதுதான் கசப்பு இறங்கி இனிப்பு ஏறும்.

பதின்மூன்றாம் தேதி புனித லூசியா திருநாள். அன்று கோயில் கூடத்தில் ஊருக்கே ரிபொல்லீத்தா என்கிற கெட்டிச் சூப். கருங்கோஸும் வெள்ளை பீன்ஸும் பழைய ரொட்டியும் சேர்த்து முந்தின நாளே காய்ச்சி வைத்து, மறுநாள் திரும்பக் கொதிக்க வைத்துப் பரிமாற வேண்டும். பதினாறு வருஷமாக அந்தப் பெரிய பானை எர்சீலியாவின் நாத்தனார் நுன்ஸியாத்தாவிடம் இருந்தது. பதினாறு வருஷமும் எர்சீலியாவுக்கு வெங்காயம் உரிக்கிற வேலை. இந்த வருஷம் நுன்ஸியாத்தாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதால் பானை கை மாறியது. சும்மா மாறவில்லை.

"முதல் வாய் எனக்கு," என்று நுன்ஸியாத்தா சொல்லியிருந்தாள். "நான் கரண்டியைக் கீழ வெச்சேன்னா பானை திரும்ப என் வீட்டுக்கு வந்துடணும். பனி பட்ட கோஸா படாத கோஸான்னு என் நாக்குக்குத் தெரியும்."

ஒன்பதாம் தேதி காலையில் எர்சீலியா இரண்டு பெரிய பைகளோடு என் சமையலறையில் வந்து நின்றாள். தோட்டத்தில் பாதி காலியாகியிருந்தது.

"அக்கா, உங்க பெரிய ஃப்ரீசர்ல இடம் இருக்கா?"

"காட்டுப்பன்னிக் கறி இருக்கு. மருமகன் வேட்டையில அடிச்சது."

"எடுத்துச் சமைச்சுடுங்களேன்."

"ஏழு கிலோவையுமா? எதுக்குடி?"

அவள் ஜன்னலைச் சாத்தினாள். "பனி கீழ வரலன்னா கோஸு பனிகிட்டப் போகட்டும். மூணு நாள் வெச்சா மூணு ராத்திரி உறைபனிதானே?"

"உங்க வீட்டு ஃப்ரீசர் என்னாச்சு?"

"எங்க அண்ணி கதவைத் தட்டிட்டா வர்றாங்க? வந்ததும் பாத்திரத்தைத் திறந்து பாப்பாங்க, அப்புறம் ஃப்ரிட்ஜு, அப்புறம்தான் 'நல்லாருக்கியா'. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

"நான் எதுக்குச் சொல்றேன்? என் ஃப்ரீசரும் என்னைய மாதிரிதான். உள்ள போனது வெளிய வராது."

"கோஸு வரணும் அக்கா."

"கோஸு வரும்டி."

மூன்று நாளும் காலையிலும் இரவிலும் காட்டுப்பன்றி தின்றேன். பன்னிரண்டாம் தேதி கோஸை எடுத்தோம். துவண்டு போயிருந்தது. எர்சீலியா ஒவ்வோர் இலையாகத் தண்டிலிருந்து உருவினாள், முகர்ந்தாள், என் மூக்கில் நீட்டினாள்.

"இனிப்பு வாசம் வருதில்ல?"

"என் மூக்குல பன்னி வாசம்தான் இருக்கு. என்னைக் கேக்காதே."

திருநாளன்று கூடத்தில் எழுபது பேர் கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். பானையில் நட்ட மரக்கரண்டி சாயாமல் நின்றது. அந்த அளவுக்குக் கெட்டி. பங்குச் சாமியார் ஃபோஸ்கோ வேகமாக ஜெபத்தை முடித்தார். முதல் தட்டு நுன்ஸியாத்தா முன்னால் போனது. எர்சீலியா இடுப்பில் கட்டிய சமையல் துணியைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றாள்.

நுன்ஸியாத்தா ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடினாள். மென்றாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதுக்குப் பனி படல."

"பட்டுச்சு அண்ணி," என்றாள் எர்சீலியா.

"எங்க? எந்த மலையில?"

"எங்க பட்டா என்ன? கல்லு மாதிரி உறைஞ்ச கோஸுதான்."

நுன்ஸியாத்தா சிரித்தாள். "அப்படிச் சொல்லு. ஃப்ரீசர்ல வெச்சியாக்கும். ஏம்மா, பனி செடியில நிக்கும்போது கடிக்கணும். ஃப்ரீசர்ல வெச்சா இலை துவளும், தண்ணி விடும், இனிப்பு மட்டும் ஏறாது. மூணு நாள் வெச்சாலும் அதான், அஞ்சு நாள் வெச்சாலும் அதான்."

கூடமே எர்சீலியாவைப் பார்த்தது. அவளோ முறுக்கிய துணியை விட்டுவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"அஞ்சு நாள் வெச்சா எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?"

நுன்ஸியாத்தா வாயில் இல்லாததை மெல்ல ஆரம்பித்தாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை பனியே விழலயே," என்றார் சாமியார் யோசனையாக. "ஆனா அந்த வருஷம் உங்க ரிபொல்லீத்தா ரொம்ப இனிப்பா இருந்துச்சும்மா. நான் பிரசங்கத்துலகூடச் சொன்னேன். கடவுள் நமக்கு மட்டும் ரகசியமாப் பனி அனுப்பினாருன்னு."

"சாமி, அது..."

"அது?"

"ரெண்டு கரண்டி சர்க்கரை, சாமி."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

"அண்ணி," என்றாள் எர்சீலியா, தேன் ஒழுக, "கரண்டியைக் கீழ வெச்சுட்டீங்களா?"

நுன்ஸியாத்தா மேஜைமேல் கிடந்த கரண்டியைப் பார்த்தாள். எழுபது பேரைப் பார்த்தாள். பிறகு எட்டி, புது ஆலிவ் எண்ணெய்ப் புட்டியை எடுத்துத் தட்டில் வட்டமாக ஊற்றினாள்.

"எங்க வெச்சேன்? எண்ணெய் ஊத்தக் கை வேண்டாமா?" கரண்டியை எடுத்து அடுத்த வாய் தின்றாள். அதற்கடுத்ததும். "பானை உங்கிட்டயே இருக்கட்டும். அடுத்த வருஷம் பீன்ஸை இன்னும் கொஞ்சம் வேக விடு."

"வெங்காயம் உரிக்க ஆள் வேணும் அண்ணி."

"முழங்காலுதானே வலிக்குது, கையில்லையே. வர்றேன்."

எல்லாரும் தின்ன ஆரம்பித்தோம். சாமியார்தான் சும்மா இருக்கவில்லை.

"ஆமா, ரெண்டு பேரும் அவ்வளவு கோஸை எந்த ஃப்ரீசர்லதான் வெச்சீங்க?"

எர்சீலியா என்னைப் பார்த்தாள். நுன்ஸியாத்தாவும் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் பக்கத்தில் இருந்தவரிடம் ரொட்டி கேட்டேன்.