கசிவை அடைத்தவர்

மெக்கானிக்குக் கசிவு என்றாலே ஆகாது. வீட்டுக் குழாய் சொட்டினால் சாப்பிட்ட கையோடு எழுந்து போய்விடுவார். உறவினர் வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். வாங்க, உட்காருங்க என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் குளியலறையில் நின்று அவர்கள் குழாய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவிக்கு இதில் பாதிப் பெருமை, பாதி மானக்கேடு. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பம்புகளைப் பிரித்துப் பூட்டுவது அவர் வேலை. இருபது வருடத்துக்கு மேல் அதையே செய்தவருக்கு, இயந்திரத்திலிருந்து எது வெளியே வந்தாலும் அது நோய், அதை அடைப்பதே மருந்து. நடந்த கொடுமைக்கெல்லாம் இந்தப் பழக்கம்தான் காரணம் என்று அவருக்காகப் பரிந்து பேசலாம். பேசினால் அது பாதி உண்மையாக இருக்கும். மீதிப் பாதியை அவரே பிறகு சொல்கிறார்.

ஆலையில் பழைய முறையை எடுத்துவிட்டு எண்ணெய்ப் புகை முறையைக் கொண்டுவந்திருந்தார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு பம்பிலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் ஒரு பெட்டிக்குள் எண்ணெயில் முங்கிக் கிடக்கும். பக்கத்தில் சின்னக் கண்ணாடி இருக்கும், எட்டிப் பார்த்தால் எண்ணெய் மட்டம் தெரியும். புதிய முறையில் பெட்டிக்குள் எண்ணெயே நிற்காது. ஓர் ஓரத்தில் நிற்கும் இயந்திரம் எண்ணெயைக் காற்றில் கலந்து மெல்லிய புகையாக்கி, குழாய் வழியே எல்லாப் பம்புகளுக்கும் அனுப்பும். அது பேரிங்குகள்மேல் படிந்து அவற்றை நனைக்கும். படியாத மிச்சம் பெட்டியின் பக்கவாட்டிலுள்ள வென்ட் என்கிற சிறு துளை வழியே வெளியே வந்துவிடும்.

மெக்கானிக் முதல் நாளே உதட்டைப் பிதுக்கினார். எண்ணெய் என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இதென்ன கொசுவுக்குப் புகை போடுகிற மாதிரி என்று கேண்டீனில் எல்லாரையும் சிரிக்க வைத்தார். ஆனால் பேரிங்குகள் முன்னைவிட நன்றாகவே உழைத்தன. அதைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அவர் மனைவியின் தம்பியும் அங்கேதான் ஆபரேட்டர். வேலையில் சேர்த்துவிட்டவர் மெக்கானிக்தான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அக்கா. கல்யாணமாகி வரும்போது துணிப் பெட்டியோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தவள் என்று மெக்கானிக் இன்றைக்கும் கிண்டல் செய்வார். அவனும் சளைத்தவன் இல்லை. மாமாவுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான சீதனம் நான்தான் என்பான். இருவருக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். வாக்கி டாக்கியில் யாரும் பயன்படுத்தாத ஒரு சேனலைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டு, சாயங்காலம் என்ன வாங்கிப் போகவேண்டும், அக்காவுக்கு இன்று கோபமா இல்லையா என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள்.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சு கொஞ்சம் பலவீனம். புகை வந்த பிறகு அது இருமலாக முற்றியது. ஆறாம் நம்பர் பம்புக்குப் பக்கத்தில்தான் அவன் மணிக்கொரு தரம் நின்று சோதனைக்கு எண்ணெய் பிடிக்க வேண்டிய குழாய். அந்தப் பம்பின் வென்ட் நேராக அவன் முகத்துக்கு எதிரே. சூப்பர்வைசரிடம் சொன்னான். ஒரு முகமூடி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டும் இருமினான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய்க்கு ஒரு தரம் எழுந்து போய் இருமிவிட்டு வருவான். அக்கா சோற்றைப் பிசைந்தபடியே அவனைப் பார்ப்பாள், பிறகு கணவனைப் பார்ப்பாள். "நீங்கதானே சேர்த்து விட்டீங்க" என்று ஒரே ஒரு நாள் சொன்னாள். ஒரு நாள் சொன்னதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மறு வாரம் பராமரிப்புக்காக ஆறாம் நம்பர் நின்றிருந்தபோது மெக்கானிக் வேலையை முடித்துவிட்டார். தண்டு வெளியே வரும் இடங்களில் இறுக்கமான புது சீல். வென்ட்டில் ஒரு போல்ட், திருகு பிடிக்க நாடா சுற்றி, நறுக்கென்று ஒரு முறுக்கு. கேட்டால் அனுமதி தரமாட்டார்கள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. பம்பு மறுபடி ஓடியபோது ஒரு இழை புகை வரவில்லை. பெட்டியைச் சுற்றித் துணியால் துடைத்து, புதுசு மாதிரி ஆக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நகர்ந்தார்.

இருமல் குறைந்தது. முதலில் வேலையிடத்தில், பிறகு வீட்டிலும். தம்பி இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டான். காற்று திசை மாறிவிட்டது போலிருக்கிறது என்று அவன் சொன்னபோது மெக்கானிக் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். சூப்பர்வைசர் வேறு அந்தப் பக்கம் வந்து, இந்த ஒரு பம்பைப் போல மற்றவையும் சுத்தமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. மருத்துவர்கள் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்துத் தீராததை ஒரு போல்ட்டில் தீர்த்தவர் அல்லவா. தான் செய்ததை வெளியே சொல்ல முடியவில்லையே என்ற ஒரு குறையைத் தவிர அவருக்கு வேறு குறை இல்லை.

சில வாரம் கழித்து, ஆறாம் நம்பர் ஒரு மாதிரி சத்தம் போடுவதாகத் தம்பி சொன்னான். மெக்கானிக் போய், திருப்புளியின் முனையைப் பெட்டியில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். உள்ளே மெல்லிய கீச்சு இருந்தது. பெட்டிக்கு அடியில் தொங்கும் வடிகால் புட்டியைப் பார்த்தார். அதில் எண்ணெய் இருந்தது. எண்ணெய் போகாமலா எண்ணெய் வடியும் என்று தன்னையே கேட்டுக்கொண்டு திருப்தியாகிவிட்டார். அது போல்ட்டைப் போடுவதற்கு முன்பே வடிந்த எண்ணெய். இவ்வளவு அனுபவம் உள்ளவருக்கு அது தோன்றவே தோன்றாதா என்று நமக்குக் கோபம் வருகிறது. தோன்ற விடவில்லை என்பதுதான் நிஜம். வீட்டில் இருமல் சத்தம் நின்றிருந்தது, அது மறுபடி கேட்பதை அவர் விரும்பவில்லை.

புகை இயந்திரத்தை விற்ற நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். இளம் பெண். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெக்கானிக்குகளையெல்லாம் பயிற்சி அறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். குளிர்ந்த அறை, இருட்டு, திரையில் படம். நம் ஆள் கைகட்டி அரைத் தூக்கத்தில் இருந்தார். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தும் விட்டார்.

"பல பேர் செய்யற தப்பு ஒண்ணு இருக்கு" என்றார் அந்தப் பெண். "புகை வெளிய வருதேன்னு வென்ட்டை அடைச்சிடறாங்க. வெளிய போக வழி இருந்தாத்தான் அது உள்ளயே வரும். அடைச்சிட்டா பேரிங்குக்கு ஒரு சொட்டும் போகாது. மெயின் குழாய்ல அழுத்தம் சரியாவே காட்டும், அலாரமும் அடிக்காது. பழைய எண்ணெய் இருக்கிற வரைக்கும் ஓடும். அப்புறம் திடீர்னு போயிடும்."

மெக்கானிக் கட்டியிருந்த கையைப் பிரித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறாம் நம்பரில் ஓடுவது கொதிக்கக் கொதிக்க எண்ணெய். பேரிங் இறுகினால் தண்டு ஆடும், தண்டு ஆடினால் சீல் உடையும், காற்றுப் பட்டதும் தானாகவே பற்றிக்கொள்கிற சூட்டில் அது வெளியே பாயும். இதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இடுப்பில் வாக்கி டாக்கி இருந்தது. எதிர் நாற்காலியில் சூப்பர்வைசர் இருந்தார். ஆறாம் நம்பரை உடனே நிறுத்துங்க என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினால் போதும், கன்ட்ரோல் ரூமில் ஒரு பொத்தானை அழுத்திவிடுவார்கள்.

அவர் எழுந்து, கழிவறைக்குப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். சேனலை மாற்றினார்.

"மாப்ள, ஆறாம் நம்பர் கிட்ட போ. பெட்டியோட சைடுல ஒரு போல்ட் இருக்கும். ஸ்பேனர் எடுத்து அதைக் கழட்டிடு. யாருக்கும் சொல்லாத."

"மாமா, அது காலையிலேர்ந்து கத்திட்டு இருக்கு. கன்ட்ரோல் ரூம்ல சொல்லி நிறுத்திடட்டுமா?"

"வேணாம். முதல்ல கழட்டு. நான் வந்துட்டே இருக்கேன்."

"சரி மாமா."

அவர் நடந்தார். ஓடினால் யாராவது என்னவென்று கேட்பார்கள் என்று நடந்தார். பம்பு வரிசை தெரியும் திருப்பத்தை எட்டும்போது தரை ஒரு தரம் அதிர்ந்தது, பிறகு சங்கு ஊதியது. அதற்கு மேல் அவர் ஓடினார். தீயணைப்பு ஆட்கள் நாலு பேர் சேர்ந்து அவரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் தீக்காயப் பிரிவுக்கு வெளியே நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் இரும்பு நாற்காலிகள். தம்பிக்கு நினைவு இருந்தது, அதுதான் பெரிய கொடுமையாக இருந்தது. முகத்தின் ஒரு பக்கமும் ஒரு கையும் தவிர மற்றதெல்லாம் துணிக்குள். மருத்துவர் அக்காவைத் தனியாக அழைத்து, பேச வேண்டியது இருந்தால் பேசிக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. ஆலையின் பாதுகாப்பு அதிகாரி வந்து கட்டிலுக்கருகே குனிந்து விசாரித்தார். கருகிய பம்பில் அந்தப் போல்ட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். தம்பிக்கு அதைக் கழற்ற நேரம் கிடைக்கவில்லை.

நான்தான் அடைத்தேன், இருமல் தாங்க முடியவில்லை என்று தம்பி சொன்னான். அவன் இருமியது ஊருக்கே தெரியும், முகமூடி கேட்டதும் தெரியும். அதிகாரி வருத்தத்தோடு தலையாட்டிவிட்டு வெளியே வந்து, தாழ்வாரத்தின் கோடியில் உட்கார்ந்து போனில் யாருக்கோ அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா வந்து கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன்டா இப்படிச் செஞ்ச, ஏன்டா என்று உள்ளே இருப்பவனைக் கேட்டு, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். பேசாமல் இருந்திருந்தால் மெக்கானிக் தப்பித்திருக்கலாம். தம்பியின் பொய் அவருக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது, நுழைய வேண்டியதுதான் பாக்கி. இப்படி ஒரு தப்பித்தல் கிடைத்ததும் தன் மனம் ஒரு கணம் இளைப்பாறியதை அவர் கவனித்தார். கவனித்த பிறகு அவரால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

போல்ட்டைப் போட்டது தான்தான் என்றார்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு, அவர் எதிர்பார்க்காதபடி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவனுக்காகத்தானே செஞ்சீங்க" என்றாள். "நானும்தான் உங்களைக் குத்திக் காட்டினேன். தெரியாமச் செஞ்சதுக்கு என்ன பண்றது."

அதோடு விட்டிருந்தாலும் அவர் பிழைத்திருப்பார். அவள் பிடித்திருந்த கை சூடாக இருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு மீதி ஆயுளை ஓட்டிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"அது மட்டும் இல்ல" என்றார். "தப்புன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. வகுப்புல தெரிஞ்சுது. கத்தியிருந்தா பம்பை நிறுத்தியிருப்பாங்க. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும், மானம் போயிடும்னு, ரேடியோல கூப்பிட்டு அவனைக் கழட்டச் சொன்னேன். நிறுத்திடட்டுமான்னு அவன் கேட்டான். நான்தான் வேணாம்னு சொன்னேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். எழுந்து உள்ளே போனாள். கதவிலிருந்த கண்ணாடி வழியே அவர் பார்த்தார். அவள் தம்பியின் முகத்தருகே குனிந்து ஏதோ கேட்டாள். அவன் உதடு அசைந்தது. அவள் மறுபடியும் கேட்டாள். அவன் மறுபடியும் அதையே சொன்னான் போலிருந்தது. அவன் நெற்றியில் துணி சுற்றாத இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் நின்றாள்.

வெளியே வந்தபோது அவள் கண்ணில் ஈரம் இல்லை.

"யாரும் கூப்பிடலையாம். ரேடியோவே வரலையாம்" என்றாள். "மாமாவை ஒண்ணும் சொல்லாத அக்காங்கிறான்."

மெக்கானிக் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"சாகப்போற நேரத்திலயும் அவன் உங்களைக் காப்பாத்தப் பார்க்கிறான்" என்றாள். "நான் காப்பாத்த மாட்டேன்."

அவள் தாழ்வாரத்தின் கோடியை நோக்கி நடந்தாள். அதிகாரி போனை வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவளுக்கு முன்னால் போய் அதைத் தானே சொல்லிவிட வேண்டும் என்று மெக்கானிக் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு எழப் பார்த்தார். அவர் ஒருவழியாக எழுந்து நின்றபோது அவள் பேசத் தொடங்கியிருந்தாள்.