நாலு விரல் இடம்

எங்கள் மன்றத்தில் யார் கையெழுத்துப் போட்டாலும் தாளின் மேலே நாலு விரல் இடம் விட்டுத்தான் போடவேண்டும். அது நான் வைத்த சட்டம். இருபத்திரண்டு வருடமாக நான்தானே செயலாளர்.

ஆம்பூர் தாண்டி ஹைவேயை ஒட்டி, என் ஹார்டுவேர் கடைக்குப் பின்னால் இருக்கிறது மன்றம். தகரக் கூரை, கொடிக்கம்பம், இரண்டு பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கட்சிக்காரர்கள் இருபது பேர் கூடுவோம். பேச்சு முடிந்த மறு நிமிடம் ஒருத்தனையும் பிடிக்க முடியாது. ஒருத்தனுக்கு ஷூ கம்பெனியில் ஓவர்டைம், ஒருத்தனுக்குக் கறிக்கடை, ஒருத்தனுக்குப் பேரணாம்பட்டு பஸ். கையெழுத்துக்காக வீடு வீடாக அலைந்து அலைந்து என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். அதனால்தான் ஒரு வழி செய்தேன். கூட்டம் ஆரம்பிக்கும்போதே வெள்ளைத் தாள் ஒன்று சுற்றி வரும். மேலே நாலு விரல் அளவு விட்டுவிட்டு எல்லோரும் கீழே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அப்புறம்தான் பேச்சு. என்ன முடிவானதோ அதை நான் திங்கட்கிழமை கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோய், அந்தத் தாளையே மிஷினில் விட்டு, காலி இடத்தில் அடித்து மேலே அனுப்பிவிடுவேன்.

தெருவிளக்கு அப்படித்தான் வந்தது. கால்வாய் அப்படித்தான் வந்தது. பஸ் நிற்கிற இடத்துக்குக் கூரையும் அப்படித்தான். ஒருத்தரும் ஒருநாளும் "இன்னா எழுதின, காட்டு" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். நான் என்ன திருடனா என்று குதித்திருப்பேன்.

போன ஆவணி மாதம் இரண்டு விஷயம் ஒன்றாக வந்து சேர்ந்தது. ஒன்று, ஹைவேயை ஆறு வழியாக அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு. இன்னொன்று, எங்கள் கோர்ட்டுக்கு அரசு வழக்கறிஞர் பதவி. இடம் எடுப்பது சம்பந்தமான கேஸெல்லாம் அந்த வக்கீல் கையில்தான் போகும். கட்சி மேலிடத்தில் பெயர் கேட்டிருந்தார்கள். மன்றங்கள் யாரை ஆதரிக்கின்றன என்று கடிதம் போகவேண்டும். நிற்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் வேலூரிலிருந்து வந்துபோகிற பார்த்திபன். இன்னொருத்தி எங்கள் தனகோடியின் மகள் தேவிகா.

தனகோடி யார் என்று சொல்லவேண்டும். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குமேல் அவனைப் படிக்கவைக்க ஆள் இல்லை. முப்பத்தோரு வருடம் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல் புரட்டினான். விரல் நகமெல்லாம் அரித்துப்போய்விட்டது. அந்தக் கையால்தான் மகளைச் சட்டம் படிக்கவைத்தான். அவள் கறுப்புக் கோட்டு போட்டு முதல் நாள் கோர்ட்டுக்குப் போனபோது எங்கள் மன்றத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்து, அவன் மட்டும் குடிக்க மறந்துபோய் நின்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வக்கீல்களும் மன்றத்துக்கு வந்தார்கள். தாள் சுற்றி முடிந்திருந்தது. தனகோடி மூன்றாவதாகப் போட்டிருந்தான். அவன் பெயரைப் பெரிய பெரிய எழுத்தாக, கீழே ஒரு கோடு இழுத்துப் போடுவான்.

பார்த்திபன் நன்றாகப் பேசினார். எல்லோருக்கும் மிக்சர் பொட்டலம் வேறு. தேவிகா கையை வீசிக்கொண்டு வந்து ஐந்தே நிமிடம் பேசினாள். ரோட்டைப் பற்றி சுஹேல் அகமது கேட்டார். ஷூவுக்குள் வைக்கிற அட்டை வெட்டுகிற பட்டறை வைத்திருப்பவர் அவர்.

"இன்னாம்மா, நம்ம ஆளுங்க இடம் போச்சுன்னா நீ சொல்லி ரோட்டை கொஞ்சம் நகத்துவியா?"

"நகத்த மாட்டேன் பாய்" என்றாள். "ரோடு வேணும். யார் இடம் போவுதோ அவங்களுக்கு நியாயமா கெடைக்குதான்னு பாப்பேன். ஒருத்தருக்காக கோடு வளைஞ்சா அது இன்னொருத்தர் வீட்டு மேலதானே போய் உக்காரும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் என் கண் கடைப் பக்கம் போனது. ஏனென்றால் அதற்கு நான்கு நாள் முன்பு என் கடைச் சுவரில் யாரோ சிவப்புப் பெயின்ட்டில் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அம்பு நேராக என் கல்லாவைக் காட்டியது. கடை போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? அதை நான் மன்றத்தில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

வாக்கெடுப்பெல்லாம் வேண்டியிருக்கவில்லை. வக்கீல்கள் போனதும் சுஹேல் பாய், "நம்ம புள்ள இருக்கச்சே இன்னா யோசனை?" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். தனகோடி மட்டும் மகளுக்காகத் தான் பேசக்கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

மறுநாள் காலை பார்த்திபன் கடைக்கு வந்தார். சுவரைப் பார்த்தார்.

"அடடா, குறி போட்டுட்டாங்களா! ரோட்டுக் கோடு ரெண்டு மீட்டர் அந்தப் பக்கம் தள்ளிச்சுன்னா கடை தப்பிச்சுக்கும். நான் உள்ள வந்தா ஆபீசருங்க என் பேச்சைக் கேப்பாங்க, லோகநாதன் சார்."

சார் என்றார். என்னை யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை. அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. மிரட்டவும் இல்லை. கேட்டிருந்தால், மிரட்டியிருந்தால், சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும். நானேதான் மத்தியானம் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். நானேதான் சொல்லச் சொல்ல அந்தக் கடைப் பெண் அடித்தாள். "வழக்கறிஞர் திரு. பார்த்திபன் அவர்களை இம்மன்றம் ஏகமனதாகப் பரிந்துரைக்கிறது." தாள் மிஷினிலிருந்து வெளியே வந்தபோது அந்த வரிக்குக் கீழே தனகோடியின் பெரிய எழுத்தும், அவன் இழுத்த கோடும் இருந்தன. தூ! என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். பார்த்தும் அதை மடித்து உறையில் போட்டேன்.

பார்த்திபனுக்குப் பதவி வந்தது. அடுத்த மாதம் பேப்பரில் எடுக்கப்போகிற இடங்களின் பட்டியல் வந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். என் சர்வே நம்பர் அதில் இல்லை. ரோடு எங்கள் பக்கம் வரவே இல்லை. எதிர்ப்பக்கம் புறம்போக்கிலேயே போகிறதாம்.

அப்படியானால் அம்புக்குறி? ஒரு வாரம் கழித்து கேபிள் புதைக்கிறவர்கள் வந்து கடை முன்னால் குழி வெட்டினார்கள். அவர்களிடம் கேட்டேன்.

"அது எங்க குறிண்ணே. உள்ள தண்ணி பைப் போவுது, இங்க வெட்டாதன்னு எங்க ஆளு போட்டது. பயந்துட்டீங்களா?" என்று சிரித்தான் ஒருத்தன்.

நானும் சிரித்தேன். ஒரு தண்ணீர்ப் பைப்புக்காக, ஒரு பெயின்ட் கோட்டுக்காக, தனகோடியின் கையை அவன் மகளின் கழுத்தில் வைத்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் சத்தியமாக நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். அப்படிப்பட்டவன்தான் நான். ஆனால் புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை தனகோடி கடைக்கு வந்தான். சவரம் செய்து பத்து நாள் இருக்கும். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"லோகு, வீட்ல பொண்ணு என்னோட பேச மாட்டேங்குதுடா."

"ஏன், இன்னா ஆச்சு?" என்றேன்.

"கட்சி ஆபீஸ்ல யாரோ அதுக்கு ஒரு லெட்டரை போட்டோ எடுத்து அனுப்பி இருக்காங்க. அந்த வேலூர் வக்கீலுக்கு நம்ம மன்றம் குடுத்த மாதிரி. அதுல என் கையெழுத்தும் இருக்குது. 'பதவி போனா போவுதுப்பா, நீ ஏம்பா போட்ட'ன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டுச்சு. அதோட சரி. சோறு போடுது, தண்ணி வெக்குது, மூஞ்சிய பாக்க மாட்டேங்குது."

அவன் கண் கலங்கியிருந்தது. நான் தராசைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"யாரோ நம்ம கையெழுத்தை திருட்டுத்தனமா போட்டுட்டானுங்கடா" என்றான். "அன்னிக்கு நாம போட்ட தாள் உங்கிட்டதான இருக்கும்? இல்லாட்டி காப்பியாச்சும் வெச்சிருப்ப. அதை எடுத்துனு ஒருதரம் வீட்டுக்கு வாடா. நம்ம தாள்ல அவ பேருதான் இருக்குதுன்னு காட்டு. நீ சொன்னா நம்பும். மாமா பொய் சொல்ல மாட்டாருன்னு அதுக்குத் தெரியும்."

அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. ஒரு நொடிகூட இல்லை. ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேரை நினைத்திருக்கலாம். என்னை மட்டும் நினைக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"சாயந்திரம் வர்றேன்" என்றேன்.

ஐந்து மணிக்குப் போனேன். கையில் ஒன்றும் இல்லை. தனகோடி வாசலிலேயே நின்று, "வா வா" என்று என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டான். தேவிகா கேஸ் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். எழுந்து, "வாங்க மாமா" என்றாள். அவள் என் கையைப் பார்த்தாள். காலிக் கையை.

"எங்க, தாளை எடு" என்றான் தனகோடி. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கேஸ் ஜெயித்துவிட்டவன் மாதிரி.

"தாள் கொண்டாரலப்பா."

"மறந்துட்டியா? சரி, வாயால சொல்லு, போதும்."

தேவிகா மெதுவாகக் கேட்டாள். "மாமா, அந்த ஒரிஜினல் எங்க இருக்கு?"

அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேட்ட விதத்திலேயே எனக்குப் புரிந்தது. சாட்சிக் கூண்டில் எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்.

"அனுப்பிட்டேம்மா" என்றேன். "வேற தாளு இல்ல. உன் போன்ல இருக்கிறதுதான் அந்தத் தாளு. எல்லாரும் உன் பேரைத்தான் சொன்னாங்க. உங்கப்பா கையெழுத்து போட்டப்போ மேல ஒண்ணும் எழுதல. நான்தான் அப்புறம் அந்த வேலூர் வக்கீல் பேரை அடிச்சேன். யாரும் அடிக்கச் சொல்லல. என் கடை போயிடும்னு பயந்து நானே செஞ்சேன். உங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

தேவிகா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்துபோய் அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நகம் அரித்த அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "மன்னிச்சிடுப்பா" என்றாள். தப்பு செய்தவன் நான். மன்னிப்புக் கேட்டது அவள்.

தனகோடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோபமாகப் பார்க்கவில்லை. தெரியாத ஆள் ஒருத்தன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தால் யார் இவன் என்று பார்ப்போமே, அப்படிப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"எந்தக் கடைடா?" என்றான் கடைசியில். "நம்ம கடையா? என்கிட்ட சொல்லி இருந்தா இருவது பேரும் போய் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்திருப்போமேடா."

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பாதி வழியில்தான் அது தெரிந்தது.

மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். முன்பு அனுப்பியது மன்றத்தின் முடிவு அல்ல, செயலாளராகிய நான் தன்னிச்சையாக எழுதியது என்று. பதில் வரவில்லை. வராது. பதவி கொடுத்தது கொடுத்ததுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம். போகாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். சாவி என்னிடம் இருந்ததால் போகவேண்டியதாயிற்று. எல்லோரும் வந்தார்கள். தனகோடியும் வந்தான். எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிறவன், எதிர் பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் யாரிடமும் எதையும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் சுஹேல் பாய் வழக்கம்போல "லோகு, டீ சொல்லிட்டியா?" என்று கேட்டிருக்கமாட்டார்.

தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் பழக்கதோஷத்தில் நாலு விரலை மேலே வைத்து அளந்தார். அதற்குள் தனகோடி எழுந்து வந்து, "பாய், நான் மொதல்ல போடறேன், குடு" என்று வாங்கிக்கொண்டான்.

பெஞ்சில் தாளை வைத்து, குனிந்து, மெதுவாகப் போட்டான். பெரிய பெரிய எழுத்து. கீழே ஒரு கோடு. போட்டுவிட்டு பாயிடம் திருப்பிக் கொடுத்தான்.

"இன்னாப்பா, இடமே உடாம உச்சியில போட்டுட்ட?" என்றார் பாய். "லோகு எங்க எழுதுவான்?"

"அடியில எழுதட்டும். எழுதி படிச்சுக் காட்டட்டும். அப்பால இன்னொருதரம் போடறேன்" என்றான் தனகோடி. "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல பாய். நான் ரிட்டையர் ஆனவன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவன் பெயருக்குக் கீழே ஒவ்வொருத்தராக, இடம் விடாமல், போட்டுக்கொண்டே வந்தார்கள். கடைசியாகத் தாள் என்னிடம் வந்தது. மேலே ஒரு விரல் வைக்கக்கூட இடமில்லை. எல்லோருக்கும் கீழே என் பெயரைப் போட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, பேச்சு முடிந்தும் அவர்கள் கிளம்பாமல், நான் எழுதிப் படித்துக் காட்டுவதற்காக உட்கார்ந்திருந்தார்கள்.