வெள்ளைச் சட்டைச் சாட்சி

ஆஸ்பத்திரியிலிருந்து படுக்கை விரிப்புகள் திரும்பி வந்த அன்று பளிச்சக்கா ஒவ்வொன்றாக உதறிப் பார்த்து மூலையில் வீசினாள். அவள் சலவைக் கடையிலிருந்து வரும் துணி பளிச்சென்று இருக்கும் என்பதால் தெருவே வைத்த பெயர் அது. இப்போதோ வெளுத்துக் கொடுத்த விரிப்புகள் டீயில் நனைத்தெடுத்த மாதிரி இருந்தன. "இன்னொரு தடவை இப்படி வந்தா வேற கடை பாத்துக்குவோம்" என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லியனுப்பிவிட்டார்கள். அந்த விரிப்புகள்தான் கடைக்குச் சோறு.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆற்றின் மேல்பக்கம் குவாரி. கல்லை அரைத்து மணலாக்கி, அதைக் கழுவிய சேற்றுத் தண்ணீரை அப்படியே ஆற்றில் திறந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் இடுப்பளவு நீரில் நின்றால் கால்விரல் தெரியும். இப்போது உள்ளங்கையை முக்கினாலே காணாமல் போகிறது. வெளிச்சம் இறங்காமல் அடியில் இருந்த கொடியெல்லாம் அழுகிவிட்டது. மீனின் செவுளில் சேறு அப்பிக்கொள்கிறது. மீன் விற்கும் நாத்தனார் காலிக் கூடையோடு வந்து உட்கார்ந்து, "முட்டையெல்லாம் சேத்துக்கு அடியில மூடிப் போச்சு அண்ணி, இனிமே குஞ்சு எங்கேருந்து வரும்?" என்று மூக்கைச் சிந்துகிறாள். ஆற்றிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் எவ்வளவு மருந்து கலந்தாலும் கிருமி சேற்றுத் துகளுக்குள் ஒளிந்து தப்பிவிடுகிறது. வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் படுக்கை போதவில்லை. அதனால் விரிப்புகள் இன்னும் அதிகமாக வருகின்றன, அதே தண்ணீரில் வெளுக்கச் சொல்லி! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

குவாரி மேனேஜரின் சட்டைகளும் அவளிடம்தான் வரும். வெள்ளை தவிர வேறு நிறம் போடாத மனிதர். சட்டைகளுக்கு மட்டும் அவளிடம் ஒரு வழி இருந்தது. பின்கட்டுத் தொட்டியில் ஆற்று நீரை நிரப்பி, படிகாரத்தைக் கலக்கி, சேறு அடியில் படியும்வரை காத்திருந்து, மேலே தெளிந்ததை மட்டும் மொண்டு வெளுப்பாள். வண்டி வண்டியாக வரும் விரிப்புகளுக்கு அந்தத் தொட்டி எந்த மூலைக்கு? ஒருநாள் சட்டை வாங்க வந்த மேனேஜர் பின்கட்டை எட்டிப் பார்த்து, "இது என்னம்மா தொட்டி?" என்று கேட்டார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்று விடாமல் விளக்கினாள். "கெட்டிக்காரிதான்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

குவாரிக்கு உரிமத்தை நீட்டிக்கலாமா என்று பொது மண்டபத்தில் விசாரணை நடந்தது. அவரவர் குறையைச் சொன்னார்கள். நாத்தனார் காலிக் கூடையையே கொண்டுபோய்க் காட்டினாள். கடைசியில் மேனேஜர் எழுந்து, தன் சட்டைக் காலரைக் கிள்ளி நிமிர்த்தினார்.

"இந்தச் சட்டைய எந்தத் தண்ணில வெளுத்தாங்க? நம்ம ஆத்துத் தண்ணில! வெளுத்தவங்களே இங்கதான் இருக்காங்க. ஏம்மா, ஆத்துத் தண்ணிதானே?"

"ஆத்துத் தண்ணிதான் சார், ஆனா..." என்று பளிச்சக்கா எழுந்தாள்.

"போதும்மா, ரொம்ப நன்றி."

மண்டபம் சிரித்தது. விசாரணை அதிகாரியும் சிரித்தார். மிச்சத்தைக் கேட்க ஆள் இல்லை. அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்துவிட்டு எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வெடித்தாள். "என் கை வேலையக் காட்டியே என் வாயில மண்ணப் போட்டுட்டானே! தொட்டிய எட்டிப் பாத்துட்டுப் போனவன்தானே? தெரிஞ்சுக்கிட்டே கேக்குறான் பாவி!"

"விட்டுத் தொலை. பெரிய இடத்து வம்பு நமக்கெதுக்கு?" என்றார் கணவர்.

"வம்பா? நானா போனேன் வம்புக்கு? ஆறு அவன் வீட்டுச் சாக்கடையா?"

மறுநாள் அதே சட்டை வெளுக்க வந்தது. அந்த மனிதருக்குக் கொஞ்சமும் கூச்சநாச்சம் இல்லை. அவள் அதைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகவில்லை. ஆற்று நீரை நேராக மொண்டு, நல்ல சோப்புப் போட்டு, காலரைத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசினாள். விறைப்பாக இஸ்திரி போட்டாள். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நிறத்தைப் பார்த்த கணவர் தலையில் அடித்துக்கொண்டார். சட்டை வாங்க வந்த மேனேஜரின் டிரைவரிடம், "மண்டபத்துக்கு நானே கொண்டாந்து தரேன்னு சொல்லு" என்றாள்.

அடுத்த வாரம் விசாரணைக்குச் சொன்னபடி போனாள். அதிகாரியின் மேசைமேல் பொட்டலத்தைப் பிரித்து, சட்டையை உதறி விரித்தாள். பழுப்பேறி, தையல் மடிப்பெல்லாம் சேற்றுக் கோடாக இருந்தது.

"உங்க சட்டை சார். ஆத்துத் தண்ணில வெளுத்தது."

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன கண்றாவி இது? எவ்வளவு ஒசத்திச் சட்டை தெரியுமா? அறிவிருக்கா உனக்கு? படிகாரம் போடலையா நீ?"

வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே அப்புறம்தான் உறைத்தது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "படிகாரமா? எதுக்கு? தண்ணி நல்லாத்தானே இருக்குன்னு போன வாரம் சட்டையக் காட்டுனீங்க?"

"இல்ல சார், அது வந்து... ஆத்துத் தண்ணிதான், ஆனா..."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பளிச்சக்கா இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி அவர் எதிரில் நின்றாள்.

"சொல்லுங்க சார். என்னத்தான் முடிக்க விடல. நீங்களாச்சும் முடிங்க."