செவ்வாய்க்கிழமைக் கருக்கள்

மோகனப்பிரியாவின் கணக்கு எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. நாமக்கல்லில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆட்டுக் கருக்களைத் தட்டில் வளர்ப்பவள் அவள். நான் புள்ளியியல்காரி, என் கையெழுத்து இல்லாமல் அவளுடைய ஆய்வேடு வாசல் தாண்டாது, பட்டமும் கிடைக்காது. அவள் தயாரித்த புதுக் கரைசலில் கருக்கள் பழையதைவிட நன்றாக வளர்கின்றனவாம். ஒரு வாரம்கூடச் சறுக்கவில்லை. உயிருள்ள எதுவும் இவ்வளவு சொன்னபடி கேட்காது.

ஒவ்வொரு கருவையும் தனித்தனிச் சாட்சியாக எண்ணியிருந்தாள். ஒரே வாரத்துக் கருக்கள் ஒரே பந்தியில் சாப்பிட்டவை மாதிரி. கெட்டால் சேர்ந்தே கெடும். வாரவாரமாகப் பிரித்துப் பார்த்தேன். வித்தியாசம் கரைந்துவிடும் என்று நினைத்தால், அசையவே இல்லை. அவளுடைய ஆய்வு வழிகாட்டி குருமூர்த்தி வேறு சீக்கிரம், சீக்கிரம் என்று அவசரப்படுத்தினார். இட்டுக்கட்டியிருக்கிறாள் என்றே முடிவு கட்டினேன்.

ஞாயிறு கறிக்கடைகளிலிருந்து சினைப்பைகள் வரும். முட்டைகளை முதிரவைத்து, விந்து சேர்த்து, செவ்வாய் மதியம்தான் கருக்களைக் கரைசலில் இறக்குவார்கள். அந்தச் செவ்வாய் சொல்லாமல் போய் அவளருகே உட்கார்ந்தேன். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. பாதிக் கருக்களைப் புதுக் கரைசலில் இறக்கினாள், கடிகாரத்தைப் பார்த்தாள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மீதி இன்குபேட்டருக்கு வெளியே கிடந்தது.

ஏன் என்றேன்.

“ராகு காலமுங்க மேடம். புதுசு நல்லபடியா வரோணும்னு அதை முன்னாலயே போட்டுருவனுங்க. பழசை நாலரைக்கு மேல போட்டுக்கலாமுங்க.”

வாராவாரம் இப்படித்தானாம். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. தோற்றது பழைய கரைசலா, காத்துக்கிடந்த கருக்களா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எது முதலில் என்று காசு சுண்டிப் போடு, நடுவில் நிற்காதே, திரும்பச் செய் என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று.

“கடிகாரத்தை யாருங்க பாக்கப் போறாங்க? கையெழுத்தப் போட்டு உடுங்க” என்றார் குருமூர்த்தி. நான் போடவில்லை.

சில மாதம் கழித்து அவளே வந்தாள். திரும்பச் செய்ததில் இரண்டு கரைசலிலும் கருக்கள் ஒரே மாதிரிதான் வளர்ந்தனவாம். இதை மூடி வைத்துவிட்டு, பழைய முடிவை வேறு புள்ளியியல்காரரிடம் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார் குருமூர்த்தி. மாட்டேன் என்றிருக்கிறாள்.

புத்தி போகுமா, இதிலும் பொய் தேடினேன். எண்கள் வாரத்துக்கு வாரம் ஏறின, இறங்கின. இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

“பட்டம் வருமான்னு தெரியலீங்க. நீங்க கையெழுத்துப் போடுவீங்களா மேடம்?”

போட்டேன். பக்கத்தில் வழிகாட்டியின் இடம் காலியாக இருந்தது. அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் அறையைப் பார்த்து நடந்தாள். நானும் கூடப் போனேன்.